ராசாத்தியிடம் சொன்னது

போன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வேர்வை பட்டால் போன் கெட்டுப்போகும் என்று என் மகன் காளீஸ்வரன் சொல்லுவான், அதனால் பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதில் சுற்றி வைத்திருக்கிறேன். சுற்றி வைத்தால் சத்தம் வெளியே வருமா என்று அடுத்த நினைப்பு. வரும். காலையில் டீக்கடைக்காரரை அடிக்கச் சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் அது பஸ் ஸ்டாண்டு விழிக்காத நேரம். இப்போது மதுரை வண்டிக்காரன் ஒரு பக்கம் கூவுகிறான், சாத்தூர் வண்டி ஹாரனை அமுக்கிக்கொண்டே பின்னால் வருகிறது, வாசலில் கரும்புச்சாறு மிஷின் சலங்கை கட்டிக்கொண்டு ஓடுகிறது. கையிலேயே பிடித்துக்கொள்ளலாம் என்றால் ஒரு கைக்கு டோக்கன் கட்டு, ஒரு கைக்குச் சாக்பீஸ். இந்த டூவீலர் ஸ்டாண்டுக்கு ஒரு வண்டி வந்தால் சீட்டின் மேல் நம்பர் எழுதி, அதே நம்பர் டோக்கனைக் கிழித்துக் கொடுத்து, எந்த வரிசையில் நிற்கிறது என்று மனதிலும் போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய படிப்பு இல்லை, ஆனால் நம்பர் அச்சடித்த மாதிரி விழும். ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது என்று ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவேன். இப்போது வந்த பையன் அதற்கும் சண்டைக்கு நிற்கிறான். "பெருசு, அமுக்கி எழுதாத. நேத்து தொடைக்காம உக்காந்துட்டேன். எம் பின்னால நாப்பத்தேழுன்னு இருக்குன்னு ஆபீஸே சிரிக்குது." துடைத்துவிட்டு உட்காருங்க தம்பி என்றேன். சொல்லி முடிப்பதற்குள் பைக்குள் ஏதோ நடுங்கின மாதிரி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் நெஞ்சுதான்.

ஆபீசிலிருந்து போன் வரவேண்டும். நல வாரியத்து ஆபீஸ். கட்டடத் தொழிலாளர் சங்கத்து அய்யாத்துரை நேற்றுச் சாயங்காலம் வண்டியை விட்டு இறங்காமலேயே சொன்னான். "அண்ணே, ஒம் மருமக படிப்பு உதவிக்குப் போட்டிருந்தோம்ல, அது மேல போயிருச்சு. நாளைக்கு விசாரிக்கப் போன் பண்ணுவாங்க. அந்தப் பிள்ளைகிட்டதான் பேசுவாங்க, ஒங்கிட்ட இல்ல. கடைக்கு லீவு சொல்லிட்டு ஒம் பக்கத்துலயே இருக்கச் சொல்லு. ஆளு இல்லேன்னா ஃபைலை ஓரமா வச்சிட்டு அடுத்த ஆளுக்குப் போயிருவாங்க. அப்புறம் அடுத்த கூட்டத்துலதான் எடுப்பாங்க." அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டேன். "அது யாருக்குத் தெரியும், தீபாவளிக்கு முந்தியோ பிந்தியோ." தீபாவளி யாருக்கு வேண்டும். வாரியத்துக் கடிதத்தைக் காட்டினால் விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொள்கிறோம், ஹாஸ்டலிலும் இடம் உண்டு, ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும் என்று மதுரைக் காலேஜில் சொல்லியிருக்கிறார்கள். இன்று புதன். மருமகள் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் வாசலிலேயே போனை வாங்கி டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், அதனால்தான் விண்ணப்பத்தில் என் நம்பரைப் போட்டது. நம்பர்தான் என்னுடையது. போன் காளீஸ்வரனுடையது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தபோது அவன் சட்டைப் பையில் இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி கூடக் கீறவில்லை. இவ்வளவு கெட்டியாக ஒரு போனைச் செய்யத் தெரிந்திருக்கிறதே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் நினைக்க வரவில்லை.

மதுரை மதுரை மதுரை என்று கூவுகிறவன் பேர் ரத்தினவேல். அந்தக் குரலுக்கு நடுவில்தான் அந்தப் பிள்ளை முதன்முதலில் இந்த ஊருக்கு வந்து இறங்கியது, கல்யாணப் பெண்ணாக, மடியில் ஒரு பையோடு. பையில் நகை இருக்கும் என்று என் வீட்டுக்காரி சீனியம்மாள் நினைத்தாள். புத்தகம். செடி கொடியைப் பற்றிய படிப்பு, பாதி முடித்திருந்தது. கல்யாணத்துக்கப்புறமும் படிக்க வைப்போம் என்று பூ வைக்கப் போன இடத்தில் சீனியம்மாள்தான் வாக்குக் கொடுத்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். வாக்குக் கொடுத்தவள் கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் சர்க்கரையில் போய்விட்டாள். அடுத்த வருஷம் சேர்க்கிறேன் என்று சொன்னவனும் போய்விட்டான். தலையாட்டினவன் மட்டும் பாக்கி. அந்தப் பிள்ளையின் அண்ணன் வந்து கூப்பிட்டான், கிளம்பு, இங்கே யார் இருக்கிறார்கள் உனக்கு என்று. அவன் கேட்டது சரிதான். நான் வாசலில் நின்றுகொண்டு, போய்விடும் என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "ராசாத்தி, நான் எங்கயும் போகலன்னு மாமாகிட்டச் சொல்லு." அந்த அண்ணன்காரன் யாரு ராசாத்தி என்று சுற்றுமுற்றும் பார்த்தான். ராசாத்தி எங்கள் வீட்டு வெள்ளாடு.

இதை வெளியாளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் மாமனார் முன்னால் மருமகள் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. என் அம்மா அப்படித்தான் இருந்தாள், சீனியம்மாளும் என் அப்பாவிடம் அப்படித்தான் இருந்தாள், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று யாரையாவது வைத்துச் சொல்லுவாள். நானும் மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சீனியம்மாள் இருந்தவரை அவளிடம் சொன்னால் போதும், பிறகு காளீஸ்வரனிடம் சொன்னால் போதும். அவனும் போன பிறகு பதினாறாம் நாள் வரை சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பதினேழாம் நாள் காலையில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர், நடுவில் ஒரு கதவு. உள்ளே சோறு வெந்த வாசனை வந்தது. என்னைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும், அதற்கு வழி தெரியவில்லை, கரண்டியைச் சட்டியில் தட்டிக்கொண்டே இருந்தது பாவம். எனக்கும் எழுந்து போக வழி தெரியவில்லை. அப்புறம் கதவு கொஞ்சம் திறந்து, முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து, "ராசாத்தி, சோறு ஆறுது, மாமாவச் சாப்பிடச் சொல்லு" என்றது. காளீஸ்வரன் அந்தப் பிள்ளைக்கென்று வாங்கிக்கொடுத்த குட்டி. நான் ஆட்டைப் பார்த்து, "வர்றேன்னு சொல்லு ராசாத்தி" என்றேன். அன்றிலிருந்து அப்படியே ஓடுகிறது. குடையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லு ராசாத்தி. மாமா மாத்திரை போட்டாங்களான்னு கேளு ராசாத்தி. ஒருநாள் ரொம்ப நேரம் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டு, "ராசாத்தி, ஒனக்கு ஒண்ணு தெரியுமா, விட்டவங்களைக் காலேஜுல மறுபடி சேத்துக்கிறாங்களாம்" என்றது. குரல் கடைசியில் தேய்ந்துபோனது. "சேரச் சொல்லு" என்றேன். ஆடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து முருங்கைக் கீரையைத் தின்றது.

நேற்றும் அப்படித்தான் சொன்னேன். வேகமாக நடந்து போனேன், முற்றத்தில் நின்றேன், மூச்சு வாங்கியது. ராசாத்தி, நாளைக்கு ஆபீஸ்ல இருந்து போன் வருது, கடைக்கு லீவு சொல்லிட்டு ஸ்டாண்டுல வந்து இருக்கணுமாம், நேர்ல பேசணுமாம். தெளிவாகச் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். பதில் வரவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வராமல் நிற்கிறது, அழுகிறதோ என்னவோ, கூச்சப்படும் என்று நானே பின்பக்கமாகக் குளிக்கப் போய்விட்டேன். அப்புறம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதே, அப்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. இல்லை. ராசாத்தி, ரசம் உறைக்குதான்னு கேளு, அவ்வளவுதான். காலையில் நான் இருட்டோடு கிளம்பிவிடுவேன், அது எழுந்திருக்கும் முன்னால். ஒன்பதரைக்குக் கடை திறந்ததும் லீவு சொல்லிவிட்டு வரும் என்று ஓரத்தில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு வைத்தேன். ஸ்டூல் அப்படியே இருக்கிறது. ஒரு பெண்பிள்ளை ஸ்கூட்டியை விட்டுவிட்டு அதில் கைப்பையை வைக்கப் போனாள், ஆள் வருது அம்மா என்றேன். ஆள் வருதா? கடையில் விட மாட்டேன் என்றிருப்பார்கள். ஆடி கழிந்து கல்யாண ஜவுளிக் கூட்டம். ஆனால் விடாவிட்டாலும் ஓடிவந்து விடுமே, அவ்வளவு ஆசைப்பட்ட பிள்ளை. நேற்று வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. விளக்கு எரிந்தது. அடுப்பில் ஏதோ கொதித்த சத்தம் கூடக் கேட்டது. அப்படியானால் உள்ளே இருந்திருக்கிறது. செருப்பு? கதவு ஓரத்தில் செருப்பு கிடந்ததா? காளீஸ்வரன் செருப்பு கிடக்கும், அதை யாரும் எடுக்கவில்லை. அதன் பக்கத்தில்? பக்கத்தில் தரை. தரைதான் தெரிகிறது எனக்கு.

"அண்ணாச்சி, வண்டி!" கறுப்புப் பல்சர், மூன்றாம் வரிசை, கம்பத்துக்கு அடுத்தது. எடுத்துக் கொடுத்தேன். டோக்கனை வாங்கிச் சரிபார்த்தேன். கை தன்பாட்டில் வேலை செய்கிறது. நினைப்பு அந்த முற்றத்தை விட்டு வரமாட்டேன் என்கிறது. ஆட்டின் காது. ஆமாம், காது. உள்ளே அந்தப் பிள்ளை இருந்தால் ராசாத்தி ஒரு காதைக் கதவுப் பக்கம் திருப்பியே வைத்திருக்கும். என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அந்த ஒரு காது அங்கேதான் இருக்கும். நேற்று இரண்டு காதும் தெருப்பக்கம் இருந்தன. நான் பேசப் பேச அது தெருவையே பார்த்தது. தெருவில் என்ன? சத்தம். பெண்கள் சத்தம். குடம் இடிக்கிற சத்தம். நேற்றுச் செவ்வாய், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நாள். வாசல் திண்டின் மேல் மூன்று குடங்கள் வரிசையாக இருக்கும், நடுவில் பச்சைக் குடம். நேற்று ஒரு குடம்கூட இல்லை. நான் இத்தனை வண்டியை மனதில் நிறுத்துகிறவன், என் வீட்டுத் திண்டு காலியாக இருந்தது இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பிள்ளை குழாயடியில் நின்றிருக்கிறது. நான் ஆட்டிடம் சொல்லியிருக்கிறேன். ஆட்டிடம் மட்டும்.

உட்கார்ந்துவிட்டேன். அந்த ஸ்டூலிலேயே. ஜவுளிக்கடை பஜாரின் அந்தக் கோடியில் இருக்கிறது. போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றால் இங்கே நிற்கிற வண்டிகளை யார் பார்ப்பது. போனால் எப்படிச் சொல்வது, கடை நிறையச் சனம், அங்கே ராசாத்திக்கு எங்கே போவது. மதியம் அந்தப் பிள்ளையே வரும். சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு ஓடி, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டி, எனக்குச் சூடாகச் சோறு வடித்து எடுத்து வரும், வயிற்றுப் புண்ணுக்கு ஆறின சோறு ஆகாது என்று டாக்டர் ஒரு தரம் சொன்னதற்காக. வாசலில் நிற்கிற அநாதைச் சைக்கிளின் ஹேண்டில் பாரில் பையை மாட்டிவிட்டு, ஒரு தரம் மணியை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும். அந்தச் சைக்கிளை விட்டுப்போனவன் வரவே இல்லை. நான்தான் தினமும் துடைக்கிறேன். காற்றுக்கூட அடித்து வைத்திருக்கிறேன், என்றைக்கு வந்து கேட்டாலும் உடனே மிதித்துக்கொண்டு போகிற மாதிரி. காளீஸ்வரனும் அந்தப் பிள்ளையை என்னிடம் அப்படித்தான் விட்டுப் போனான் என்று சில நாள் நினைப்பு வரும். உடனே நாக்கைக் கடித்துக்கொள்வேன். வண்டியா அது? அதன் டோக்கன் அதன் கையிலேயே இருக்கிறது. எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான், நான் வழியை விட்டு நகர வேண்டியதுதான். போன பிறகு வீட்டில் கதவு இருக்கும், ஆடு இருக்கும். ராசாத்தி, சோறு வேணுமான்னு கேளு என்று சொன்னால் அந்தப் பக்கம் யார் இருப்பார்கள். ராத்திரி இந்த நினைப்பில் புரண்டு புரண்டு படுத்திருக்கிறேன். போன் வராமலே போனால் இருந்துவிடும் இல்லையா என்று உள்ளே ஒரு சின்னக் குரல் கேட்டது. ஒருமுறைதான் கேட்டது. அதற்காகவாவது இந்தப் போன் வரவேண்டும். வரவேண்டும், ஆனால் மதியம் வரைக்கும் வரக்கூடாது.

மணி ஒன்று அடித்து முடிந்தது. வெயில் தகரத்தைக் காய்ச்சுகிறது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்படிச் சொல்வது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளைப் பார்த்துச் சொல்லலாமா? "இந்தா, இன்னைக்குப் போன் வருதாம்." அதற்குள் ஒருவன் வந்து கடைசி வரிசையில் சுவரோடு நிற்கிற வண்டி வேண்டும் என்றான், பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி அவசரம். நாலு வண்டியை நகர்த்தி அவன் வண்டியை உருவிக்கொண்டிருக்கும்போது மணிச் சத்தம் கேட்டது. கிணிங். ஒருதரம். வண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். ஹேண்டில் பாரில் பை ஆடிக்கொண்டிருக்கிறது. ஆள் இல்லை. அங்கே போகிறது, கரும்புச்சாற்றுக்காரனைத் தாண்டி, நீலச் சேலை, வேக நடை. அப்போது நெஞ்சில் போன் அடித்தது. கவரைப் பிரிக்க வரவில்லை, பல்லால் கிழித்தேன். "நல வாரியத்துல இருந்து பேசுறேன். விண்ணப்பதாரர் இருக்காங்களா?" பெண் குரல். "இருக்கு, இருக்கும்மா, இந்தாப் போகுது, வச்சிராதீங்க." "போகுதா? ஐயா, நான் இன்னும் நெறையப் பேருகிட்டப் பேசணும்." "ஏத்தா!" என்று கத்தினேன். "இந்தா! இங்க பாரு!" கூடை வைத்திருந்த கிழவி திரும்பினாள், ஸ்கூல் பிள்ளைகள் திரும்பினார்கள், நீலச் சேலை திரும்பவில்லை. சாத்தூர் வண்டி நடுவில் புகுந்து மறைத்தது. போனுக்குள்ளிருந்து அந்த அம்மா, "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கய்யா!" என்றாள்.

மாரீஸ்வரி. அந்தப் பேர் எனக்குத் தெரியாதா. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருந்ததை எத்தனை தரம் பிழை பார்த்தவன் நான். ஆனால் தொண்டையிலிருந்து வருவது வேறு. "மாரீஸ்வரி!" கிழிந்த சத்தம். எனக்கே யாரோ கத்தின மாதிரி இருந்தது. "மாரீஸ்வரி!" படிக்கட்டில் தொங்கிக்கொண்டு மதுரை மதுரை என்று கூவிக்கொண்டிருந்த ரத்தினவேல் என்னைப் பார்த்தான், என்ன புரிந்ததோ, அதே ராகத்தில் மாரீஸ்வரி மாரீஸ்வரி மாரீஸ்வரி என்று பஸ் ஸ்டாண்டே அதிரப் பிடித்துக்கொண்டான். சாத்தூர் வண்டி விலகியது. அந்தப் பக்கம் நீலச் சேலை அப்படியே நின்றிருந்தது. திரும்பி, ரத்தினவேலைப் பார்த்து, என்னைப் பார்த்து, என் கையில் தூக்கிப் பிடித்திருந்த போனைப் பார்த்து, செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தது.

போனை வாங்கிக் கையால் மூடிக்கொண்டு சைக்கிளுக்கு அந்தப் பக்கம் நின்று பேசியது. நான் இந்தப் பக்கம் நின்று டோக்கன் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆமா மேடம். ரெண்டாம் வருஷம் பாதியில விட்டேன் மேடம். கல்யாணம் ஆச்சு. அவங்க தவறிட்டாங்க. முடிச்சிருவேன் மேடம், கண்டிப்பா முடிச்சிருவேன். மாமனார் வீட்டுல இருக்கேன். அதன் பிறகு சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, முகத்துக்கு நேராக. உதடு அசைகிறது, வரமாட்டேன் என்கிறது. விளங்கிவிட்டது. என் பேரைக் கேட்கிறார்கள். எழுதித் தரச் சொன்னால் எழுதிவிடும், எத்தனையோ தாளில் எழுதியிருக்கிறது. மாமனார் பேரை அவர் எதிரில் நின்று வாயால் சொல்வதென்றால் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்கு நாக்கு எழாது. போனுக்குள் அந்த அம்மா ஹலோ ஹலோ என்கிறாள். ஆடு இல்லை, கதவு இல்லை. "சொல்லுத்தா" என்றேன், அந்தக் கண்ணைப் பார்த்து. "குருவையா" என்றது. கேட்கவில்லை போலிருக்கிறது. "குருவையா மேடம்!" என்று இரண்டாம் தரம் சத்தமாகச் சொல்லிவிட்டு, சொன்ன வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டது.

போனை என்னிடம் நீட்டியது. "இன்னைக்கே கையெழுத்து வச்சு அனுப்பிருவாங்களாம். நாளைக்குப் போய் லெட்டர வாங்கிக்கலாமாம் மாமா." நான் சரி என்றேன். போகும் என்று நினைத்தேன். போகவில்லை. வெறுங்காலைத் தார் சுட்டது, ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றது. "இன்னைக்குப் போன் வருதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா மாமா?" "தெரியும்." "நேத்து ராசாத்திகிட்டச் சொன்னீங்களாக்கும்?" "ஆமா." "கள்ளி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல மாமா அது." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சத்தத்தை எங்கள் வீட்டில் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கும் வந்துவிட்டது, வாயைத் துடைத்தேன், மீசையெல்லாம் சாக்பீஸ். "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு போனது.

கூட்டத்துக்குள் நீலம் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தினவேல் தண்ணீர் குடிக்க வந்தான். "யாரு பெருசு அது? என் தொண்டையே போச்சு." "எம் மருமக. மாரீஸ்வரி. மதுரையில காலேஜுல படிக்குது." "அப்ப நம்ம வண்டிலதான் ஏத்தி விடணும், சொல்லிட்டேன்." வெள்ளிக்கிழமை முதல் வண்டியிலேயே ஏற்றிவிட வேண்டும். அதில் வலதுபக்கம் வெயில் அடிக்கும், இடதுபக்கம் சன்னலோரமாகப் பார்த்து உட்காரச் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்ல வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மாரீஸ்வரியிடமே சொல்லிவிட வேண்டும், ராசாத்தி பக்கத்தில் கேட்டுக்கொண்டு நிற்கட்டும்.